ஜாய் பாய்ஸ் குழுவின் தலைவி

1936. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் யாசூ சிட்டி. ஊர் ஊராகக் கச்சேரி செய்துவந்த ஒரு ஜாஸ் குழுவின் தலைவி, பெட்ரோல் பங்க்கில் இருந்த பெண்கள் கழிப்பறைக்குப் போனார். அது வெள்ளையருக்கானது, அவரோ கறுப்பினப் பெண். குழுவில் ஒருவரைத் துப்பாக்கிப் பிடியால் அடித்து, அவரையும் தலைவியையும் சிறையில் தள்ளினார்கள். அந்த நேரம் பார்த்து, குழுவிலேயே இன்னொருவர் மொத்தப் பணத்தையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். தலைவி தன் மஞ்சள் காடிலாக் காரை விற்றுத்தான் ஊரைவிட்டுக் கிளம்ப முடிந்தது.

அவர் பிளான்ச் காலோவே.

1902-ல் பிறந்து, பால்டிமோரில் வளர்ந்தவர். அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆனாலும் மகள் மேடையை நம்பிப் பிழைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பிளான்ச் கல்லூரியைப் பாதியில் விட்டு, 1921-ல் மேடையேறினார். 1925-ல் அவர் பாடிப் பதிவான இரண்டு ப்ளூஸ் பாடல்களுக்கு கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்! தான் பங்கேற்ற 'பிளான்டேஷன் டேஸ்' மேடை நிகழ்ச்சியில் தம்பி கேப் காலோவேயையும் சேர்த்துவிட்டார் பிளான்ச். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கேப், அக்காவின் கைபிடித்து மேடைக்கு வந்தவர்தான்.

1931-ல் சொந்தக் குழு கண்டார் பிளான்ச்: 'ஜாய் பாய்ஸ்'. வாசிப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அப்படியொரு குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணாக ஜாஸ் வரலாறு இவரைக் குறிப்பிடுகிறது. பாடுவார், ஆடுவார், குழுவையும் நடத்துவார். பின்னர் பெரும் பெயர் எடுத்த சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் டிரம்ஸ் கலைஞர் கோஸி கோலும் இவரிடம் வாசித்தவர்கள். விக்டர் நிறுவனம் இசைத்தட்டுகள் வெளியிட்டது.

பிளான்ச்சிடம் திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், தென் மாநிலங்களில் ஓட்டல்களும் உணவகங்களும் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவடைத்த காலம் அது. பெரிய வாய்ப்புகள் பெண் தலைவியைத் தேடி வரவும் இல்லை. 1938-ல் திவாலாகிக் குழுவைக் கலைத்தார்.

ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை. வாஷிங்டனில் பாடகி ரூத் பிரவுனை இனம்கண்டு, அவருக்கு மேலாளரானார். ஃப்ளோரிடாவில் வானொலி அறிவிப்பாளரானார். 1960-களின் இறுதியில், கறுப்பினப் பெண்களுக்கான அழகுசாதன நிறுவனம் தொடங்கினார். 1978-ல் மறைந்தார். தம்பியின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் இந்த அக்காவின் பெயரையும் சொல்வதுதான் நியாயம்.

பிளான்ச் சிறைப்பட்ட மறு ஆண்டே, அதே மிசிசிப்பியில், பைனி வுட்ஸ் பள்ளியில் மாணவிகளே வாசிக்கும் ஒரு ஜாஸ் குழு உருவானது. அந்தப் பெண்களை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)