டர்பன்: ஒரு வளைவும் மூன்று மைதானங்களும்

2013 ஜனவரி கடைசியில் ஆபீஸ் வேலையாக டர்பன் போயிருந்தேன். மூன்று வாரம். அப்போது தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 2, சனிக்கிழமை இரவு, மோசஸ் மபிடா ஸ்டேடியத்தில் தென்னாப்பிரிக்காவுக்கும் மாலிக்கும் காலிறுதி. கூட வேலை பார்த்த டர்பன் நண்பர் நாலு டிக்கெட் வாங்கியிருந்தார். "அப்பாவும் வர்றார், உனக்கு அவரைப் பிடிக்கும்" என்றார்.

அங்கிளுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். தமிழில் 'தம்பி', 'சாமி', 'சாப்பாடு' மாதிரி பத்துப் பதினைந்து வார்த்தைகள் மிச்சம். அவருடைய தாத்தாவின் அப்பா மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர். முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி மெட்ராஸ் வழியாக வந்தவர்கள்தான். கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் இந்தப் பயணத்தில்தான்.

ஸ்டேடியத்தை முதலில் பார்க்கும்போது கண்ணில் படுவது மேலே நிற்கிற வளைவு. 350 மீட்டர் நீளம், 106 மீட்டர் உயரம். கூரையின் கணிசமான பாரத்தை அந்த இரும்பு வளைவுதான் கம்பிகளால் தூக்கிப் பிடிக்கிறது. தெற்குப் பக்கம் இரண்டு கால்கள். மேலே போய் ஒன்று சேர்ந்து, வடக்கே ஒரே காலாக இறங்குகிறது. தென்னாப்பிரிக்கக் கொடியில் இருக்கிற Y மாதிரி. பிரிந்து கிடந்த நாடு ஒன்றானதைக் காட்டுதாம். 2010 உலகக் கோப்பைக்காக 300 கோடி ராண்டுக்கு மேல் செலவழித்துக் கட்டினார்கள். ஏழு ஆட்டங்கள் நடந்தன. கடைசியாக நடந்தது அரையிறுதி: ஜூலை 7, பூயோல் தலையால் முட்டிய கோலில் ஸ்பெயின் ஜெர்மனியை வென்றது.

அங்கிளிடம் வளைவின் அர்த்தத்தைச் சொன்னேன், கைடு புத்தகத்தில் படித்த ஜோரில். அவர் சிரித்தார். "தம்பி, ரெண்டு கால் எங்கே இருந்துச்சுன்னு நான் காட்டட்டுமா?"

ஒரு கால், நாங்கள் நின்ற இடமே. கிங்ஸ் பார்க். பக்கத்தில் இன்னும் இருக்கிற பெரிய ரக்பி மைதானம் 1958 இல் திறந்தது, வெள்ளையர் ரக்பியின் கோட்டை. இன்னொரு கால் ஊருக்கு உள்ளே, தாவரவியல் பூங்கா பக்கத்தில் இருக்கும் கரீஸ் ஃபவுண்டன். 1870களின் வறட்சியில் கரி என்ற நகரசபைக்காரர் அங்கே கிணறு தோண்டித் தண்ணீர் எடுத்ததால் அந்தப் பெயர். 1920களில் அந்த இடம் இந்திய விளையாட்டுச் சங்கத்துக்குக் குத்தகைக்கு வந்தது. டர்பன் இந்தியர்களுக்கு அதுதான் ஸ்டேடியம். அங்கிள் வளர்ந்தது மேகசின் பேரக்ஸில், நகராட்சி துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கட்டின லைன் வீடுகள். தமிழ், தெலுங்குக் குடும்பங்கள்தான் அதிகம். கிங்ஸ் பார்க்குக்கு நடக்கிற தூரம். ஆனா சின்ன வயசில் அவர் மேட்ச் பார்க்க நடந்ததெல்லாம் எதிர்த்திசையில்.

திரும்பி வந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்ததைவிடப் பெரிய கதை.

1951 இல் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என்று தனித்தனியாக இருந்த கால்பந்து அமைப்புகள் சேர்ந்து தென்னாப்பிரிக்க சாக்கர் கூட்டமைப்பு ஆனது. 'இன வேறுபாடு இல்லாத கால்பந்து' என்பது அவர்களுடைய ஒரே கொள்கை. இதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் சிங் என்ற டர்பன் வக்கீல். ஃபிஃபாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: வெள்ளையரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சங்கம் எப்படி முழு நாட்டுக்கும் பிரதிநிதி ஆக முடியும்?

1961 இல் ஃபிஃபா வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 1963 இல் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரவுஸ் நேரில் வந்து பார்த்தார், தடை நீங்கியது. அந்தச் சங்கம் ஒரு சமரசமும் சொன்னது: 1966 உலகக் கோப்பைக்கு முழுக்க வெள்ளையர் அணி, 1970க்கு முழுக்கக் கறுப்பர் அணி! இதை முதல் தடவை படித்தபோது நகைச்சுவைத் துணுக்கு என்றே நினைத்தேன். 1964 இல் டோக்கியோவில் கூடிய ஃபிஃபா மறுபடியும் இடைநீக்கம் செய்தது. சொவெட்டோ எழுச்சி நடந்த 1976 இல் மொத்தமாக வெளியேற்றம்.

இதற்கு நடுவில் கூட்டமைப்புக்காரர்கள் 1961 இல் சொந்தமாக ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். எல்லா இனத்தவரும் ஒரே அணியில் ஆடலாம். டர்பனில் அது கரீஸ் ஃபவுண்டனில் நடந்தது. "ஞாயிற்றுக்கிழமை உள்ளே இடம் கிடைக்காது, மரத்துமேல ஏறிப் பார்ப்போம்" என்று அங்கிள் சொன்னார். அரசாங்கம் லீக்கை நேரடியாகத் தடை செய்யவில்லை. மைதானங்களை மூடியது. 1963 இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடால்ஸ்பிரூட் இந்திய மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், கோல் கம்பங்களும் இல்லை. வந்த ஆயிரக்கணக்கான ஜனம் வேலி ஏறிக் குதித்து, கம்பங்களைத் தூக்கி வந்து நட்டு, மேட்சை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் போனது. ஆனாலும் ஒவ்வொரு ஊராக மைதானம் இல்லாமல் போக, 1966 இல் லீக் படுத்துவிட்டது.

ஒரு எஞ்சினியராக இது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒரு விளையாட்டை அழிக்க விளையாட்டைத் தொடவே வேண்டாம். இடத்தை எடுத்தால் போதும்.

அங்கிள் குடும்பத்துக்கும் அதுதான் நடந்தது. இனவாரி வசிப்பிடச் சட்டம் வந்தது 1950 இல். 1960களில் மேகசின் பேரக்ஸைக் காலி செய்து, ஜனங்களைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அங்கிளுக்கு அப்போது இருபத்திநாலு வயது. கரீஸ் ஃபவுண்டனுக்கு நடந்து போனவர் இரண்டு பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று.

கரீஸ் ஃபவுண்டன் மட்டும் சாகவில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ இயக்கத்தின் வெற்றியைக் கொண்டாட மக்கள் திரண்டது அங்கேதான். கூட்டத்துக்குத் தடை, போலீஸ், நாய்கள். தொடர்ந்து வந்த வழக்கில் ராபன் தீவுச் சிறைக்குப் போனவர்களில் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி என்ற இரண்டு டர்பன் இளைஞர்களும் உண்டு. கூப்பரின் முழுப்பெயர் சதாசிவன்.

இனி ஒரு தேதி. தடையெல்லாம் நீங்கி, தென்னாப்பிரிக்கா மறுபடியும் சர்வதேசக் கால்பந்துக்கு வந்த முதல் ஆட்டம் கேமரூனோடு, டர்பன் கிங்ஸ் பார்க்கில். டாக்டர் குமாலோவின் பெனால்டியில் 1-0 வெற்றி. நாள் 1992 ஜூலை 7. உலகக் கோப்பை அரையிறுதி பக்கத்து மைதானத்தில் நடந்தது 2010 ஜூலை 7. சரியாகப் பதினெட்டு வருடம். யாரும் திட்டமிட்டதல்ல, தற்செயல்தான். ஆனா அங்கிளுக்கு இந்தத் தேதி தெரிந்திருந்தது. 1992 ஆட்டத்துக்கும் போயிருக்கிறார். ஐம்பத்தியொரு வயதில் கிங்ஸ் பார்க்கில் வைத்த முதல் காலடி.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனா 2010 கதைக்கு வேறு பக்கமும் உண்டு. உலகக் கோப்பைக்கு முந்தைய வருடம், வார்விக் பகுதியில் 1910 முதல் நடக்கும் காலைச் சந்தையை இடித்து மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்ட குடும்பங்கள் வளர்த்த சந்தை அது. வியாபாரிகள், இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் சேர்ந்து, தெருவில் இறங்கிப் போராடிக் காப்பாற்றினார்கள். மோசஸ் மபிடாவில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் முடிந்த இரவே, கூலி குறைவென்று போராடிய ஸ்டேடிய ஊழியர்கள்மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த மோசஸ் மபிடா தொழிற்சங்கத்தில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராகி, 1986 இல் மபூட்டோவில் நாடு கடந்த நிலையில் இறந்தவர். அவர் இருந்திருந்தால் அன்று யார் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

கால்பந்திலும் அப்படித்தான். 1928 இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ், 1996-97 இல் நாட்டின் முதல் பிரீமியர் சாக்கர் லீக் கோப்பையையே வென்றது. பத்து வருடத்துக்குள் காசில்லாமல் கைமாறி, பெயரும் ஊரும் மாறிக் காணாமல் போனது. புது ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

சரி, அந்தக் காலிறுதி. முதலில் ரான்டி கோல் போட்டார், காதைப் பிளக்கும் வுவுசெலா. மாலிக்கு கெய்ட்டா பதில் கோல். 1-1. பெனால்டியில் தென்னாப்பிரிக்கா மூன்றைத் தவறவிட்டு, 3-1 என்று தோற்றது. ஐம்பதாயிரம் பேரின் சத்தம் திடீரென்று நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கள் முன்வரிசையில் ஒரு ஜூலு பையன் தேம்பி அழுதான், எட்டு வயது இருக்கும். அங்கிள் குனிந்து அவன் தோளில் தட்டி, ஜூலுவில் ஏதோ சொன்னார். பையனின் அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.

"தோத்தா பரவாயில்ல, உன் சீட் எங்கேயும் போகாது, அடுத்த தடவை வான்னு சொன்னேன்."

மறுநாள் ஸ்கைகார் பிடித்து வளைவின் உச்சிக்குப் போனேன். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், ட்ரூரோ வந்து நின்ற துறைமுகம். இன்னொரு பக்கம் ரக்பி மைதானம். மேகசின் பேரக்ஸ் இருந்த திசையில் ரோடும் கட்டடங்களும்தான். லைன் வீடு ஒன்றும் கண்ணில் படவில்லை. கைடு எல்லாவற்றையும் கைகாட்டினார், அதைத் தவிர.