ஒளியும் ஓடும் குருதியும்

இரணைமடுக் குளத்து நீர் பரந்தன் வயல்களை நோக்கிப் பெருவாய்க்காலினின்று சிறுவாய்க்கால்களாகப் பிரிந்து செல்கின்றது. வாய்க்கால் ஒடுங்குந்தோறும் ஓட்டம் தளர்வதை உழவர் அறிவர். குருதியோ அவ்வளவு எளிதில் விதிக்கு அடங்குவதன்று.

நுண்குழாய்களிற் குருதி பாயுமாற்றை அறிய விரும்பியவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசேயி. குருதி விரைவில் உறைவதால், அவர் கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தியே தம் விதியை 1840இல் வெளியிட்டார். குழாயின் விட்டம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகும் என்பது அவ்விதி. 1931இல் சுவீடன் நாட்டினரான பாரேயசும் லிண்ட்குவிஸ்டும் இதற்கு மாறான ஓர் இயல்பைக் கண்டனர். 0.3 மில்லிமீற்றரினும் ஒடுங்கிய குழாயிற் செங்குழியங்கள் நடுவே திரள, குருதியின் பாகுத்தன்மை குறைகின்றது. நீருக்குரிய கணக்கு குருதிக்கு அப்படியே பொருந்தாது என்பது தெளிவாயிற்று.

லேசர் 1960இற் பிறந்தது. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் அதனாற் கட்டியை அழிக்க முயன்றார். கருவியின் ஆற்றல் போதவில்லை. ஆயினும், மழித்த எலித்தோலில் உரோமம் விரைந்து வளர்ந்தது. 1967இல் வெளியான இச்செய்தியே, தோல்வியொன்றிலிருந்து, மென்லேசர் மருத்துவத்தைத் தோற்றுவித்தது. 1981இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் மெஷால்கினும் செர்கியெவ்ஸ்கியும் ஈலியம்-நியோன் லேசரின் செவ்வொளியை நாளத்தினுள்ளேயே செலுத்தி இதயநோயாளருக்குப் பயன்படுத்தினர்.

பின்னர் வந்த ஆய்வுகள் பல, உடலினின்று எடுத்த குருதியில் ஒளி பாய்ச்சியவை. செங்குழியங்களின் திரட்சி குறைந்தது, அவை எளிதில் வளைந்தன, பாகுத்தன்மை தாழ்ந்தது என்று அவை கூறின. புவாசேயி குருதியை நாடி நீரிடம் சென்றார். இவர்களோ கண்ணாடிக் கலத்திற் கண்டதை உயிருள்ள உடலுக்கு ஏற்றிக் கூறினர். இரண்டாவது தாவலே ஆபத்தானது.

ஏனெனில், உடலிற் குருதிக்கலன்களும் ஒளியை உணர்கின்றன. முயலின் பெருநாடித் துண்டுகள் ஒளியில் தளர்வதை ஃபர்ச்கொட் 1961ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரித்துரைத்திருந்தார். நைத்திரிக் ஒட்சைட்டு பற்றிய ஆய்வுக்காக 1998இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கலனொன்று பத்து விழுக்காடு விரிந்தால், புவாசேயியின் விதிப்படி பாய்வு ஏறத்தாழ 46 விழுக்காடு உயரும். குருதி சற்றும் மாறியிருக்க வேண்டியதில்லை! ஆகவே நோயாளியின் குருதியோட்டம் சீர்பட்டதெனும்போது, மாறியது குருதியா, கலனா என்ற வினா எழுகின்றது. நாளத்தில் ஒளியிழையைப் புகுத்தி, ஆனால் லேசரை ஏற்றாது விட்ட ஒப்பீட்டுக் குழுவொன்று இன்றி நடந்த ஆய்வுகளால் அதற்கு விடைகூற இயலாது.