கேடயச் சின்னமும் உழைப்போர் பெயரும்

1966ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பேர்க்லி நகரில், நண்பர் சிலர் ஒரு வீட்டின் பின்வளவிற் கூடி, மத்தியகால ஐரோப்பிய உடையணிந்து வாட்போட்டி நடத்தி மகிழ்ந்தனர். அந்த ஒருநாட் கேளிக்கையிலிருந்து வளர்ந்ததே 'சொசைட்டி ஃபோர் கிரியேட்டிவ் அனக்ரொனிசம்' என்னும் அமைப்பாகும். 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வாழ்க்கையை நடித்துப் பார்த்து அறிய முயலும் இவ்வமைப்பிற் சேர்வோர், அக்காலத்துக்குரிய பெயரொன்றையும் கேடயச் சின்னமொன்றையும் தமக்கெனத் தெரிந்துகொள்வர். அவற்றைப் பரிசீலித்து ஏற்கவோ மறுக்கவோ கட்டியகாரர் குழுவொன்று உண்டு.

வளர்ந்தவர்களின் விளையாட்டு என இதனைத் தள்ளிவிடலாம். ஆயின், பெயரும் சின்னமும் எவருக்கு உரியவை என்ற வினா விளையாட்டிற் பிறந்ததன்று.

கேடயத்திற் சின்னந் தீட்டும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கு ஐரோப்பாவிற் பரவியது. போர்வீரர் கொண்டாடிய அச்சின்னத்தை ஏனையோரும் விரைவிற் கைக்கொண்டனர். பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டிலேயே விவசாயிகளும் தம் முத்திரைகளிற் சின்னம் பொறித்தனர். எனவே, சின்னம் தோன்றிய நாள்முதலே பிரபுக்களின் தனிச்சொத்து என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்றாகும். அது பின்னர் வேலியிட்டு அடைக்கப்பட்ட நிலம் எனலே தகும்.

இங்கிலாந்தில் அவ்வேலி எழுந்த விதத்தை நோக்குவோம். 1385இல் ஸ்கொத்லாந்துமீது படையெடுத்தபோது, ஸ்குரோப், குறோவ்னர் என்னும் இரு வீரர் நீலக் கேடயத்திற் பொன்னிறச் சாய்பட்டை என்ற ஒரே சின்னத்தைத் தாங்கி நின்றனர். வழக்கு 1390வரை நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் சாட்சி கூறினர். அவருள் கவிஞர் சோசரும் ஒருவர். தீர்ப்பு ஸ்குரோப்புக்குச் சாதகமாயிற்று. 1484இல் மூன்றாம் ரிச்சார்ட் மன்னன் கட்டியகாரருக்குக் கழகமொன்றை அமைத்துப் பட்டயம் வழங்கினான். 1530 முதல் 17ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கட்டியகாரர் மாவட்டந்தோறும் சென்று, சின்னந் தாங்கியோரை அழைத்து விசாரித்தனர். உரிமையை நிறுவ இயலாதவனின் சின்னம் அழிக்கப்பட்டது. அவன் மேன்குடியினன் அல்லன் என ஊரறியப் பறைசாற்றவும்பட்டது.

அங்கு எழுப்பப்பட்ட வினா 'உன் தந்தை யார்?' என்பதே. ஆயினும் அவ்வினாவுக்குப் பணத்தாலும் விடையளிக்க இயன்றது. கைத்தொழில் செய்யாது வாழ வல்லவன் எவனும் மேன்குடியினனாகக் கொள்ளப்படுவான் என்றும், காசு கொடுத்தாற் கட்டியகாரர் அவனுக்குச் சின்னமும் தருவர் என்றும் தோமஸ் ஸ்மித் என்ற அறிஞர் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கையுறை செய்து வாழ்ந்த ஜோன் ஷேக்ஸ்பியரின் குடும்பத்துக்கு 1596இற் சின்னம் வழங்கப்பட்டது. 1602இல் றால்ஃப் புறூக் என்ற கட்டியகாரர், தகுதியற்றோருக்குச் சின்னம் வழங்கப்படுவதாக முறையிட்டுக் காட்டிய பெயர்களுள் ஷேக்ஸ்பியரின் பெயரும் இருந்தது. உலகம் போற்றும் நாடகாசிரியர் அவர் கண்ணுக்கு வெறும் கூத்தாடியே.

இன்றைய விளையாட்டுக் கழகத்தின் கட்டியகாரரோ ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். அவர்கள் விண்ணப்பதாரரின் குலத்தை வினவுவதில்லை; சான்றையே வினவுகின்றனர். இப்பெயர் அக்காலத்தில் வழங்கியதா, எவ்வேட்டிற் காணப்படுகிறது, இச்சின்னம் முன்னர்ப் பதிவான பிறிதொன்றை ஒத்துள்ளதா, பொன்மீது வெள்ளியும் செம்மைமீது நீலமும் தீட்டலாகாது என்ற பழைய விதிக்கு அமைந்ததா என ஆராய்கின்றனர். முடிவுகள் காரணத்தோடு வெளியிடப்படுகின்றன. பிறப்பின் இடத்திற் சான்று வந்து நிற்பது சிறிய மாற்றமன்று.

எனினும் ஒரு முரண்பாடு எஞ்சுகிறது. இக்கழகத்திற் சேர்வோர் அனைவரும் மேன்குடியினராகவே பாவிக்கப்படுவர். அவ்வாறாயின் அம்மேன்குடியினருக்குச் சோறிட்ட உழவன் எங்கே? மேடையில் அவனைக் காணோம். சான்றேடுகளில் அவனே நிறைந்திருக்கிறான்.

இங்கிலாந்தின் பழைய பெயர்கள் பல வரிப்பட்டியல்கள் வாயிலாகவே நம்மை வந்தடைந்துள்ளன. 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர்மீதும் நான்கு பென்சு தலைவரி விதிக்கப்பட்டது. பிச்சையெடுத்து வாழ்வோரே விலக்குப் பெற்றனர். 1379இலும் 1381இலும் இவ்வரி மீண்டும் அறவிடப்பட்டது. அப்பட்டியல்கள் பலவற்றிற் பெயரோடு தொழிலும் எழுதப்பட்டுள்ளது. துணியை மிதித்துச் செறிவாக்கும் தொழிலாளி தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் ரக்கர், வடக்கில் வோக்கர் எனப்பட்டான். வெப்ஸ்ரர், புறூஸ்ரர் என்னும் பெயர்களின் ஈறு முதலிற் பெண்பாலைக் குறித்தது. நெய்தவளும் மது வடித்தவளும் அவற்றில் வாழ்கின்றனர்.

1381இல் வரி தலைக்குப் பன்னிரண்டு பென்சாக உயர்ந்தபோது நாட்டுப்புறம் கொதித்தெழுந்தது. வாற் ரைலர் தலைமையில் மக்கள் இலண்டனுள் நுழைந்தனர். பல ஊர்களில் நிலப்பிரபுக்களின் மன்ற ஏடுகளைத் தேடியெடுத்து எரித்தனர். தம்மை அடிமைகளாகப் பிணித்த விலங்கு அவ்வேடுகளிலேயே இருந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாண்டு ஜூன் 15ஆந் திகதி வாற் ரைலர் கொல்லப்பட்டார், எழுச்சி ஒடுக்கப்பட்டது. அரசின் வரிப்பட்டியல்களும் எரியாத ஏடுகளும் எஞ்சின. உழைத்தவனைச் சுரண்ட எழுதியவையே இன்று அவன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்றாகின்றன.

ஆகவே, அக்கட்டியகாரரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அவர்தம் வினாவேயாகும். இப்பெயர் எந்த ஏட்டில் உள்ளது என்று கேட்பதோடு அமையாது, அவ்வேட்டை எழுதியவர் யார், எவர் நலன் கருதி எழுதினார், எவரை எழுதாது விட்டார் என்றும் நம் மாணவர் கேட்கப் பழகவேண்டும். மன்னர்களின் வரிசையை மனனஞ் செய்விக்கும் வகுப்பறையில் இவ்வினாக்கள் எழுமாயின், துணி மிதித்தவனும் மது வடித்தவளும் வரலாற்றினுள் தம் சொந்தப் பெயரோடு நுழைவர்.