திருப்பதிப் பள்ளிக்கூடத்துப் பையனும் லிங்க்ட்இன்னும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் சித்தூரிலிருந்து அக்கா போன். குரலிலேயே தெரிந்துவிட்டது, விஷயம் பெரிசு என்று. அக்கா பையன் திருப்பதியில் பி.டெக் முடித்துவிட்டு இங்கே வந்து எம்.எஸ். படித்தவன். படிப்பு முடிந்து ஓ.பி.டி-யில் இருக்கிறான். அதில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். அன்றைக்கு 52 நாள் ஓடியிருந்தது.

"நீ ஒரு வார்த்தை எழுதினா போதுமாம்டா" என்றாள் அக்கா.

பையனிடம் பேசியபோதுதான் என்ன வார்த்தை என்று புரிந்தது. ஒரு கன்சல்டன்ஸி அவன் லிங்க்ட்இன் பக்கத்தில் நாலு வருஷ அனுபவம் போடச் சொல்லியிருக்கிறது. இல்லாத அனுபவம். "மாமா, நான் உங்ககூட வேலை பார்த்தேன்னு ஒரு ரெகமண்டேஷன் மட்டும் போடுங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

முடியாதுப்பா என்றேன். அக்கா அதற்கப்புறம் பேசவில்லை.

மறுத்தது சரிதான். ஆனால் வேற வழி என்ன என்று சொல்லாமல் மறுப்பது சுலபம் இல்லையா? அன்றைக்கு ராத்திரி யோசித்தபோது நம்மூர்ப் பக்கத்துப் பையன் ஒருவர் ஞாபகம் வந்தார். அவர் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1888 செப்டம்பர் 5-ம் தேதி திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் நம்ம சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோது திருத்தணியும் அதில் சேர்ந்தது. 1960-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்களைப் போல வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்களுக்கு இந்த எல்லைக் கதையெல்லாம் சொந்தக் கதை மாதிரி.

வசதியில்லாத குடும்பம். 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடம், பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தத்துவம் படித்ததுகூட ஆசைப்பட்டு இல்லை. படித்து முடித்த உறவுக்காரப் பையனின் தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன, அதனால் எடுத்தார். 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை. ஆக்ஸ்போர்டு போய்ப் படிக்கக் காசு கிடையாது. அவரைத் தெரிந்த பெரிய மனுஷர்களும் அங்கே கிடையாது.

இப்ப கவனியுங்க, அவர் என்ன செய்தார் என்று.

எழுதினார். எழுதியதை அச்சில் கொண்டுவந்தார். எம்.ஏ-வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய ஆய்வு 1908-லேயே புத்தகமானது. கீதையையும் கான்ட்டையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1911 ஜூலையில் அமெரிக்காவின் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் எதிக்ஸ்' இதழில் வந்தது. அப்போது அவருக்கு 22 வயசு. ஒரு பக்கம் அனுப்பினால் கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்காகும் காலம் அது.

1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியர். 1920-ல் லண்டன் மேக்மில்லன் வெளியீடாக ஒரு புத்தகம். 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் பதவி தேடி வந்தது. கல்கத்தா அவர் பிறந்த ஊரும் இல்லை, படித்த ஊரும் இல்லை. அங்கே துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி நாடு முழுக்கத் தேடி ஆட்களைச் சேர்த்தவர். அவர் கண்ணில் படும் இடத்தில் இவர் எழுத்து இருந்தது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். 1922-ல் இங்கிலாந்தின் 'ஹிப்பர்ட் ஜர்னல்' இவர் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதன் ஆசிரியர் எல்.பி. ஜாக்ஸ். அவரே ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியின் முதல்வரும்கூட! 1926-ல் அங்கே அப்டன் சொற்பொழிவு ஆற்ற இவரை அழைத்தார் ஜாக்ஸ். மாணவராகப் போக முடியாத ஊருக்குப் பேச்சாளராகப் போனார் ராதாகிருஷ்ணன். 1936-ல் அதே ஊரில் ஸ்பால்டிங் பேராசிரியர், 1952 வரைக்கும். 1962-ல் குடியரசுத் தலைவர் ஆனதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டிலிருந்து ராதாகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். இரண்டு பக்கமும் வழக்கு. 1933-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம். யார் சரி என்று தீர்ப்பு வரவில்லை. ஊர் அறியப் பேர் போட்டுக்கொண்டால், இது யார் வேலை என்ற கேள்வியும் கூடவே வரும். அவ்வளவு பெரியவருக்கே வந்தது.

சமூகவியலில் இதற்குக் கணக்கே இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்பவர் 1973-லும் 1974-லும் எழுதியது. பாஸ்டன் பக்கம் நியூட்டனில் வேலை மாறியவர்களை விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதம் பேருக்குத்தான் அந்த ஆள் அடிக்கடி சந்திப்பவர். 55.6 சதவீதம் பேருக்கு எப்போதாவது சந்திப்பவர், 27.8 சதவீதம் பேருக்கு அபூர்வமாகச் சந்திப்பவர். காரணம் எளிது. நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆள்தான் புது சேதி கொண்டுவருவார். 2003 மே மாதம் தொடங்கிய லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முழுக்க அந்நியமும் இல்லாமல் நடுவாந்திரமாகப் பழகியவர்கள் மூலம்தான் வேலை மாற்றம் அதிகம் என்றது.

எனக்கு இது ஏட்டுப்படிப்பு இல்லை. 2009-ல் எனக்கு வேலை போனது. எச்1பி-க்கு இப்போதிருக்கும் 60 நாள் அவகாசம் 2017-ல் வந்த விதி, அப்போது அதுவும் கிடையாது. கைக்குழந்தையோடு தங்கமணி, பாதி கட்டிய பெட்டிகள். எடிசனில் இருந்த நண்பர்கள் அத்தனை பேரையும் கேட்டேன். எல்லோரும் ஒரே மூணு கம்பெனி பெயரைத்தான் சொன்னார்கள். கடைசியில் வேலை கொடுத்தவர் நான் முகம்கூடப் பார்க்காத ஒருவர். டேட்டாபேஸ் சிக்கல் ஒன்றுக்கு இரண்டு வருஷம் முன்னால் நான் பக்கம் பக்கமாக எழுதிய பதிலை ஞாபகம் வைத்திருந்தார்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். "மாமா, அவரு ராதாகிருஷ்ணன், நான் யாரு?" என்றான். நியாயமான கேள்விதான். "22 வயசுல அவரும் யாரும் இல்லடா. உன் எம்.எஸ். ப்ராஜெக்ட்ல எது வேலை செய்யல, அதை எப்படிச் சரி பண்ணினேன்னு எழுது. அதைப் படிக்கிறவனுக்கு உன் அனுபவம் எத்தனை வருஷம்னு சொல்லவே வேண்டாம்" என்றேன்.

ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து எழுதினான். நான் திருத்தியது எழுத்துப் பிழை மட்டும்தான். கன்சல்டன்ஸிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் பக்கத்துக்கு நானும் ரெகமண்டேஷன் எழுதினேன், மாமா என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததை மட்டும். எழுதியதைப் படித்த ஒஹையோக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறார். வர்ற செவ்வாய்க்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்.

இன்றைக்கு 74-வது நாள். வேலை கிடைக்குமா, தெரியாது. அக்கா இன்னும் போன் பண்ணவில்லை. நாளைக்கு நானே பண்ணலாம் என்றிருக்கிறேன்.