மதராஸைப் பிடித்த தாத்தாவும் வாயடித்துக்கொண்டே ஆடிய பேரனும்

புதுச்சேரியின் வரைபடத்தை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு, அச்சுக்கூடத்தில் யாரோ மையை உதறிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். மயிலம் சாலையில் இருக்கும் சேதராப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டை இருப்பதால் ஊர்ப்பெயர் பலருக்கும் தெரியும். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர், ஆனால் சுற்றிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள். புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியூர்க்காரர்கள்தான் திகைப்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் சதுரங்கப் பலகை போல இருக்கிறதே என்பார்கள்.

இப்படி ஒப்பிடுவது சும்மா தமாஷுக்கு அல்ல. வங்காளத்தில் கூச் பெஹார் பக்கம் இதே போன்ற துண்டு நிலங்கள் இருந்தன. கூச் பெஹார் ராஜாவும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடும்போது கிராமங்களைப் பந்தயமாக வைத்தார்கள், தோற்றவர் ஊரைக் கொடுத்தார், அதனால்தான் எல்லை இப்படிக் கிழிந்துபோனது என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயர்களுக்கும் கூச் பெஹாருக்கும் நடந்த சண்டையும் அதன்பின் வந்த உடன்படிக்கையும்தான் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 2015ல் இந்தியாவும் வங்கதேசமும் அந்த 162 துண்டுகளையும் பரிமாறிக்கொண்டன.

சேதராப்பட்டுக்கு அப்படி ஒரு சதுரங்கக் கதை யாரும் கட்டவில்லை. வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1749-50 வாக்கில், சந்தா சாகிப் தரப்புக்குச் செய்த உதவிக்குப் பதிலாகக் கிடைத்த கிராமங்களாக. நடுவில் ஆங்கிலேயர்கள் பிடுங்கினார்கள், 1814 பாரிஸ் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தார்கள். ஊர் ஊராகக் கிடைத்ததை ஊர் ஊராகவே திருப்பித் தந்ததால் வரைபடம் ஒட்டுத்துணி ஆனது. ஆனால் இந்த ஊர்கள் கைமாறிய அதே காலத்தில் புதுச்சேரியில் நடந்த ஒரு பெரிய சண்டையில் சம்பந்தப்பட்டவரின் குடும்பத்திலிருந்துதான், பின்னாளில் உலகின் மிகச் சிறந்த செஸ் ஆட்டக்காரர் வந்தார். இதைப் புதுச்சேரிக்காரர்களே அதிகம் பேசுவதில்லை என்பது ஆச்சரியம்தான்.

முதலில் தாத்தா. பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லபூர்தொனே. 1699ல் பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்தில் பிறந்தவர். (1725ல் மலபார்க் கரையில் மய்யழியைப் பிடித்ததில் இவருக்குப் பங்கு உண்டு. மாஹே என்ற பெயர் இவரால் வந்ததா, மய்யழி திரிந்து வந்ததா என்று இன்னமும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.) 1735 முதல் மொரீஷியஸுக்கும் போர்போன் தீவுக்கும், அதாவது இன்றைய ரெயூனியனுக்கும், கவர்னர். போர்ட் லூயி நகரைக் கட்டியெழுப்பியவர் இவர்தான். அதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறிப் போனார்கள். மொரீஷியஸில் தமிழர் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பும் அந்த நகரத்துக்குள் இருக்கிறது. அவருக்குச் சிலை வைத்தவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

1746ல் இவர் ஒரு கப்பற்படையோடு புதுச்சேரி வந்தார். செப்டம்பர் 21 அன்று சென்னப்பட்டணத்துக் கோட்டை விழுந்தது. அப்போது அங்கே குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ், மாறுவேடத்தில் கடலூர்ப் பக்கம் தப்பி ஓடினார். கோட்டையைப் பிடித்தாயிற்று, அதை என்ன செய்வது? லபூர்தொனே 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டார். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸ் கொதித்துப்போனார். நகரத்தைக் கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. இருவருக்கும் நடந்த கடிதச் சண்டையையும் ஊர்ப்பேச்சையும் ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் உடனுக்குடன் எழுதி வைத்தார். அக்டோபர் நடுவில் வந்த புயல் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. மதராஸ் கரையில் நின்ற கப்பல்களில் பல மூழ்கவும் சிதையவும், லபூர்தொனே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பும் வழியில் ஆங்கிலேயர்களிடம் சிறைப்பட்டார். அவர்கள் மரியாதையாக நடத்தி அனுப்பி வைத்தார்கள். சொந்த நாட்டில்தான் பஸ்தீய் சிறை காத்திருந்தது. லஞ்சம் வாங்கினார் என்று குற்றச்சாட்டு. சிறையில் காகிதமும் பேனாவும் தரவில்லை, கைக்குட்டைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி அதில்தான் தன் தரப்பை எழுதினார் என்று சொல்வார்கள். 1751ல் விடுதலை, 1753ல் மரணம்.

இனி பேரன். லூயி ஷார்ல் மாஹே த லபூர்தொனே, 1795 வாக்கில் ரெயூனியன் தீவில் பிறந்தவர். தாத்தா ஆண்ட தீவு. படிக்க பாரிஸ் வந்தவர் நேராகப் போய் விழுந்த இடம் கஃபே த லா ரெஜான்ஸ்.

இந்தக் காப்பிக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் அரண்மனைச் சதுக்கத்தில் தொடங்கிய கடை. நம்மூர் டீக்கடை பெஞ்சில் சினிமாவும் அரசியலும் அலசப்படுவது போல அங்கே தத்துவமும் இசையும் நாடகமும் அலசப்பட்டன, நடுவில் செஸ் பலகை. ரூசோ வருவார். செஸ் கற்ற புதிதில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் புத்தகமும் பலகையுமாகக் கிடந்து, மெலிந்து மஞ்சளாகி வெளியே வந்து, அதன் பிறகும் தோற்றதை அவரே எழுதியிருக்கிறார்! திதெரோ தன் புகழ்பெற்ற நூலான 'ராமோவின் மருமக'னை இந்தக் கடையில்தான் தொடங்குகிறார், சுற்றிலும் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 1844ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் சந்தித்துப் பேசியதும் இங்கேதான்.

அந்தக் கடையின் ராஜா பிலிடோர். செஸ் அவருக்கு இரண்டாம் தொழில், முதல் தொழில் இசை. சிறுவயதில் வெர்சாய் அரண்மனைத் தேவாலயத்தில் பாடகர், பின்னாளில் ஆப்பெரா இசையமைப்பாளர். காத்திருக்கும் நேரத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் செஸ் ஆடுவதைப் பார்த்தே அவர் கற்றார். காய்களிலேயே அற்பமான சிப்பாய்தான் ஆட்டத்தின் உயிர் என்று அவர் வாதிட்ட புத்தகம் வெளிவந்தது 1749ல். அதே ஆண்டுதான் மதராஸ் ஆங்கிலேயரிடம் திரும்பிப் போனது! பிலிடோர் பலகையைப் பார்க்காமலே ஆடிக் காட்டுவார். அதைக் கேள்விப்பட்ட திதெரோ 1782ல் அவருக்குக் கடிதம் எழுதினார். வித்தை காட்டப் போய் மூளை கலங்கிவிடும், இதைவிட நல்ல இசை எழுதலாமே என்று செல்லமாக ஒரு திட்டு.

பிலிடோருக்குப் பின் அந்தக் கடையில் கோலோச்சியவர் தெஷாப்பெல். போரில் வலது கையை இழந்தவர், வாயில் எதையும் இழக்காதவர். செஸ் முழுவதையும் நான்கே நாளில் கற்றுக்கொண்டேன், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று அளப்பாராம். எதிராளிக்கு ஒரு சிப்பாயையும் இரண்டு நகர்த்தலையும் விட்டுக்கொடுத்துத்தான் ஆடுவார். அவருடைய சிஷ்யர்தான் லபூர்தொனே பேரன். 1820களில் சிஷ்யர் குருவை மிஞ்சத் தொடங்கியதும் குரு சீட்டாட்டத்துக்குத் தாவிவிட்டார். (கௌரவமான தப்பித்தல்!)

பேரன் ஆடும்போது வாய் ஓயாது. ஜோக் அடிப்பார், பாட்டை முணுமுணுப்பார், ஜெயித்தால் உரக்கச் சிரிப்பார், தோற்றால் பிரெஞ்சில் அர்ச்சனை நடக்கும். சட்டென்று நகர்த்துவார். 1834ல் இவர் லண்டன் போய் வெஸ்ட்மின்ஸ்டர் செஸ் கிளப்பில் அலெக்சாண்டர் மெக்டொனல் என்ற பெல்ஃபாஸ்ட்காரரோடு மோதினார். மெக்டொனல் நேர் எதிர். மௌன சாமியார். ஒரு காயை நகர்த்த ஒன்றரை மணி நேரம்கூட யோசிப்பார். செஸ் கடிகாரம் கண்டுபிடிக்காத காலம், யாரும் கேட்க முடியாது. இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது 'செக்' என்ற ஒரே சொல்தான் என்பார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை 85 ஆட்டங்கள். பேரன் 45ல் வென்றார், 27ல் தோற்றார், 13 டிரா. அதில் ஒன்றில் கறுப்பு ஆடிய பேரனின் மூன்று சிப்பாய்கள் பக்கம் பக்கமாக எதிர்க்கரைக்கு ஒரு கட்டம் முன்பு வந்து நிற்க, வெள்ளை கையெழுத்துப் போட்டுச் சரணடைந்தது. செஸ் புத்தகங்களில் இன்றும் அந்தப் படத்தைப் போடுகிறார்கள். பிலிடோர் பார்த்திருந்தால் ஓர் ஆப்பெராவே எழுதியிருப்பார்.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது. மெக்டொனலின் தொழில் என்ன தெரியுமா? மேற்கிந்தியத் தீவுகளின் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். கரும்புத் தோட்ட முதலாளிகளின் நலனைப் பார்லிமெண்டில் கவனித்துக்கொள்வது அவர் வேலை. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1, அதாவது இந்தப் போட்டியின் நட்டநடுவில். அதற்காக 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோ அடிமைகள் இன்னமும் காப்பியும் கரும்பும் விளைவித்துக்கொண்டிருந்த தீவில் பிறந்தவர். அங்கே விடுதலை வந்தது 1848 டிசம்பர் 20 அன்றுதான். அதற்குப் பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது கப்பல்கள் வந்து நின்றது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகளை ரெயூனியனில் இன்றும் 'மலபார்' என்றே அழைக்கிறார்கள். ஓய்வாக உட்கார்ந்து 85 ஆட்டம் ஆட ஒருவருக்கு நேரம் கிடைக்கிறது என்றால், அந்த நேரம் எங்கோ யாரிடமிருந்தோ எடுக்கப்பட்டது. பலகையின் சிப்பாய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், மற்றச் சிப்பாய்களைப் பற்றி அந்தக் கடையில் எவ்வளவு பேசினார்களோ!

வெற்றி பாரிஸில் பெரிய பேச்சானது. ழோசஃப் மெரி என்ற கவிஞர் (பிற்பாடு வெர்டியின் 'டான் கார்லோஸ்' ஆப்பெராவுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர்) இதை வாட்டர்லூவுக்குப் பழிவாங்கல் என்று கவிதையாகவே எழுதிவிட்டார். 1836ல் பேரனும் மெரியும் சேர்ந்து 'லெ பலமேத்' என்ற பத்திரிகை தொடங்கினார்கள். செஸ்ஸுக்கென்றே வந்த உலகின் முதல் பத்திரிகை அது. ஆட்டக் குறிப்போடு துணுக்கு, கதை, கவிதை, கிண்டல் எல்லாம் இருக்கும். காப்பிக் கடை அரட்டையை அப்படியே அச்சேற்றியது போல. அதன் பெயரே ஒரு தமாஷ்தான். செஸ்ஸைக் கண்டுபிடித்தவர் என்று ஐரோப்பியர்கள் நம்பிய கிரேக்க வீரன் பலமேதின் பெயர் அது.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாகப் போன ஆட்டம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். போகிற வழியில் காய்களுக்கு நேர்ந்த கதி சுவாரஸ்யமானது. யானையை அரபியில் 'அல் ஃபீல்' என்றார்கள். அது பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து 'ஃபூ' ஆனது, 'ஃபூ' என்றால் கோமாளி, பைத்தியக்காரன்! அதே காய்க்கு ஆங்கிலேயர்கள் பிஷப் தொப்பி போட்டார்கள், நாம் மந்திரி என்கிறோம். யானையோ நம்மூரில் மூலைக்கு நகர்ந்து, பழைய தேரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சில் சிப்பாய்க்கு 'பியோன்' என்று பெயர். போர்த்துகீசியம் வழியாக நம் ஆபீஸுக்கு வந்த 'பியூன்' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது குதிரைக்கு வேட்டி கட்டிவிட்டுத் 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் காய்க்குத் தன் சட்டையைத்தான் மாட்டுகிறது.

பேரனின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. நிலத்தில் போட்ட பணம் போனது. செஸ்ஸே பிழைப்பானது. உடம்பும் படுத்தது. வேலை தேடி மறுபடி லண்டன் போனவர் 1840 டிசம்பரில் அங்கேயே இறந்தார், சாமான்களையெல்லாம் விற்றுத் தீர்த்த நிலையில். மெக்டொனல் 1835லேயே போய்ச் சேர்ந்திருந்தார். இருவரும் கென்சல் கிரீன் என்ற ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்த 85 ஆட்டங்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் கிரீன்வுட் வாக்கர் என்ற கிளப் உறுப்பினர். வயதானவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலாகக் குறித்து வைத்தார். தாத்தாவுக்கு ஓர் ஆனந்தரங்கப்பிள்ளை போலப் பேரனுக்கு இவர். ஒரே வித்தியாசம், பிள்ளைவாள் ஊர்ப்பேச்சையும் சேர்த்து எழுதினார், வாக்கர் நகர்த்தல்களை மட்டும்தான் எழுதினார். அதனால் 1834ல் லபூர்தொனே எந்தக் காயை எங்கே வைத்தார் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் வைத்துப் பார்க்கலாம். வைக்கும்போது என்ன ஜோக் அடித்தார் என்பது மட்டும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த ஆளுக்கே அது புரியவில்லையே!