சைனீஸ் ரோஸ்ட் போர்க்: கோவையில் வீட்டிலேயே செய்வது எப்படி? தோல் மொறுமொறுன்னு வர என்ன செய்யணும்?

கொங்கு பக்கம் பன்றிக்கறி என்றாலே வறுவல்தான். பள்ளிபாளையம் பாணியில் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு போட்டு சுருள வதக்கி எடுப்பார்கள். சீனாவின் கான்டன் பகுதி உணவான 'சியூ யுக்' இதற்கு நேர் எதிர். மிளகாய் கிடையாது, கறியைத் துண்டு போடாமல் தோலோடு முழுசாக ஓவனில் சுடுகிறார்கள். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கணும். (சிவப்பாக, இனிப்பாக இருக்கும் 'சார் சியூ' வேறு ஐட்டம்.)

சிக்கல் கடையிலேயே தொடங்கும். வெண்பன்றிக் கடையில் ஒரு கிலோ என்றதுமே சின்னச் சின்னதாக வெட்டிவிடுவார்கள். "வயித்துக்கறி, தோலோட, ஒரே துண்டா வேணும்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, சோம்பு எல்லாம் நம்ம வீட்டிலேயே இருக்கும். சிச்சுவான் மிளகு கிடைக்காவிட்டால் நம்ம மிளகு போதும், மணம் கொஞ்சம் மாறும். உப்புடன் பொடித்து கறிப் பக்கம் மட்டும் தடவணும். தோலில் மசாலா படவே கூடாது.

தோலில் ஈரம் இருந்தால் ரப்பர்தான் மிஞ்சும். கறி வரை இறங்காமல் தோலை மட்டும் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துடைத்து, வினிகர் தடவி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி திறந்தபடி வைக்கணும். 'ஃப்ரிட்ஜில் பன்றிக்கறியா?' என்று பாட்டி முறைத்தால் வழி இருக்கிறது. கல் உப்பைத் தோல் மேல் கனமாகப் பரப்பி, ஓடிஜி ஓவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வேக வையுங்கள். ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். பிறகு உப்பைச் சுரண்டிவிட்டு, 220 முதல் 230 டிகிரியில் 20, 30 நிமிடம். தோல் கொப்புளம் விட்டுப் பொரியும். கடைசி 10 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், சட்டென்று கருகிவிடும்.

பன்றிக்கறி சாப்பிட்டால் மூளைக்குப் புழு போகுமா? அரைவேக்காட்டுக் கறியால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளையைத் தாக்குவது அந்தப் புழுவின் முட்டை. அது புழு உள்ளவரின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத காய்கறி, சுத்தமில்லாத கை வழியாகப் பரவுகிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரலாம். கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தாண்டினால் குடல் புழு பயமும் வேண்டாம்.

வெந்ததும் 10 நிமிடம் ஆறவிட்டு, தோலைக் கீழ்ப்பக்கம் வைத்து வெட்டினால் உடையாது.