பதிவேடும் காடும்: 2023 வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் குறித்து

சோமனூர்ப் பகுதியில் ஓடும் நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் இச்சரிவுகளில், காப்புக்காட்டின் எல்லைக்கல்லோடு காடு முடிந்துவிடுவதில்லை. ஓடைக்கரை, புறம்போக்கு, பட்டா நிலத்துப் புதர் என அது அடிவாரம்வரை நீள்கிறது. யானைகளின் வலசையும் அவ்வழியே செல்கிறது. எல்லைக்கல்லுக்கு வெளியே உள்ள காட்டுக்குச் சட்டம் என்ன காவல் தருகிறது? ஒரு நிலம் காடா இல்லையா என்பதை அதன் இயல்பே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் அந்த இடத்தை அரசுப் பதிவேட்டுக்குக் கொடுத்ததே வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இயல்பை அளவுகோலாகக் கொண்ட சட்டநெறி நம் மலைகளிலிருந்தே பிறந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். கூடலூரின் ஜென்மம் எனும் பரம்பரை நிலவுடைமை முறையை ஒழிக்க 1969இலேயே சட்டம் வந்திருந்தும், உரிமை வழக்குகள் தீராமல் நீண்டன. அந்த இழுபறிக்கிடையே மரங்கள் சாய்ந்தன. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், உடைமை யாருடையதாயினும், அகராதிப் பொருளில் காடாக உள்ள எந்த நிலத்துக்கும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. அத்தகைய காடுகளைக் கண்டறிய வல்லுநர் குழு அமைக்குமாறும் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தப் பரப்பைச் சுருக்கியது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடும், 1980 அக்டோபர் 25 முதல் அரசுப் பதிவேட்டில் காடு எனக் குறிக்கப்பட்ட நிலமுமே 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலுக்குள் வரும் என்று அது வரையறுத்தது. அரசு உயிரியல் பூங்காக்கள், சஃபாரிகள், வனச் செயல்திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகள் ஆகியவை வனமல்லாப் பயன்பாடு என்ற வரையறையிலிருந்தே நீங்கின. இந்தியக் காடுகள் நிலை அறிக்கை 2021இன்படி, நாட்டின் 7,13,789 சதுர கி.மீ. காட்டுப்பரப்பில் 1,97,159 சதுர கி.மீ. பதிவுபெற்ற வனப்பகுதிக்கு வெளியே உள்ளது. இந்த எண்ணை அப்படியே இழப்புக் கணக்காகக் கொள்வது தவறு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால் தோப்பும் அதில் காடாகவே எண்ணப்படுகிறது. ஆயினும் அந்தப் பரப்பில் தோப்பு எது, இயற்கைக் காடு எது என்று பிரித்தறியுமுன்னரே காவலை விலக்கியதை நியாயப்படுத்த முடியாது.

சொந்த நிலத்தில் மரம் வளர்க்கும் உழவர் சட்டச் சிக்கலில் மாட்டுவார் என்பது அரசுத் தரப்பின் வாதம். இந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் நட்டு வளர்த்த மரத்தையும் தானாக முளைத்த காட்டையும் வேறுபடுத்தி, முன்னதற்குத் தெளிவான விலக்கு அளித்தால் அது தீரும்; அதற்காக இயற்கைக் காட்டைக் கைவிட வேண்டியதில்லை. இழந்த காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்பது இன்னொரு வாதம். நீலகிரிப் புல்வெளிகளில் தைல மரமும் சீகையும் நட்டதால் மரங்கள் பெருகின. வரையாட்டின் மேய்ச்சல் நிலமோ சுருங்கியது. நடவு மரங்கள் சோலைக்கும் புல்வெளிக்கும் ஈடாவதில்லை.

காடு காக்கும் சட்டம் பழங்குடியினரை வெளியேற்றும் கருவியாகும் என்ற எச்சரிக்கை இவற்றினும் வலுவானது. வரலாறு அதற்குச் சான்று. எனவே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அளித்த அதிகாரத்தைக் காட்டுக்காவலின் பகுதியாகவே கொள்ள வேண்டும். பதிவேட்டில் காடாக இல்லாத நிலத்தைக் காப்பது இயலாத செயலும் அன்று. பட்டா நிலங்களையும் உள்ளடக்கிய நீலகிரியின் சீகூர் யானை வலசைப் பாதையை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரி 19 அன்று அதே நீதிமன்றம், 1996இன் பொருள்கோளையே தொடருமாறு இடைக்கால ஆணையிட்டது. அது தரும் அவகாசத்தில் தமிழ்நாடு செய்ய வேண்டியது ஒன்று: கோவை, நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் பதிவாகாத காடுகளைக் களத்தில் அளந்து, கிராம சபைகளின் ஒப்புதலோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும்.